மதாம்மா கேட்ட அங்கேரி

பிள்ளைகளே, ஒரு நாட்டையே சந்தையில் விலைக்குக் கேட்டவன் உங்கள் அப்பன்.

எனக்குக் கல்யாணமான புதிது. நெய்யூர்ப் பக்கம் தனியாகக் குடியிருந்த ஒரு வெள்ளைக்கார மதாம்மா வீட்டில் சமையலுக்குச் சேர்ந்திருந்தேன். எனக்கு முன்னால் வந்த சமையற்காரர் யாரும் அங்கே நிலைத்ததில்லை. இந்த வேலையும் போனால், உங்கள் அம்மாவோடு மாமனார் வீட்டு வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

ஒரு நாள் மதாம்மா தமக்குத் தெரிந்த அரைத் தமிழில், "நாளை ஹங்கேரி கறி. தடியங்காய், தயிர். ரொம்பக் கெட்டி" என்றார்.

நம் ஊரில் எரிசேரிக் கறி உண்டு, தயிர் விட்ட புளிசேரி உண்டு. அங்கேரி என்று ஒன்று இருக்கக் கூடாதா? உங்கள் அம்மாவிடம் கேட்டேன்.

"எரிசேரிக்க தம்பியா இருக்கும்" என்று சிரித்தாள். "சந்தையில கேட்டுப் பாருங்கோ. அதுக்குன்னு பொடி கிடி உண்டும்னா வாங்கிட்டு வாருங்கோ."

காலையில் புதுக்கடைச் சந்தையில் காய்க்காரரிடம் கேட்டேன். தெரியாது என்று சொன்னால் அவருக்குக் குறைச்சல் அல்லவா?

"அங்கேரிப் பொடியா? நேத்தே தீந்து போச்சே மக்கா! அதுக்கு இந்த மல்லியிலையே போதும்" என்று ஒரு மல்லிக்கட்டை என் தலையில் கட்டிவிட்டார்.

தடியங்காயை, அதாவது வெள்ளைப் பூசணியை, வேகவைத்து, தேங்காயும் சீரகமும் அரைத்துச் சேர்த்து, தயிர் விட்டு, நம் புளிசேரியையே கரண்டி நட்டால் நிற்கும்படி இறக்கினேன். மேலே மல்லியிலை. மதாம்மா ஒரு வாய் உண்டார்.

"இது என்ன?"

"அங்கேரிம்மா."

கரண்டியைக் கீழே வைத்தார். தீர்ந்தது என்று நினைத்தேன். அவரோ கண்ணில் நீர் வரச் சிரித்தார். "ஹங்கேரி என் நாடு!"

பிறகு அவரே அடுக்களைக்கு வந்தார். வெண்ணெயில் கோதுமை மாவை வறுத்து, துருவி வேகவைத்த தடியங்காயில் கலந்து, புளித்த தயிர் விட்டுக் கிண்டினார். தேங்காய் கிடையாது. காகிதம் ஒட்டும் பசைபோல் இருந்த அதை எனக்கும் ஒரு கிண்ணம் தந்து, "எப்படி?" என்றார்.

நன்றாயிருக்கிறது என்றால் தினமும் இதையே தின்ன வேண்டும். இல்லை என்றால் மாமனார் வீடு. யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது.

"கொஞ்சம் தேங்கா அரைச்சு விட்டா நல்லாருக்கும்மா."

மதாம்மா முறைத்தார். அப்புறம் என் புளிசேரியை இன்னும் கொஞ்சம் தம் தட்டில் போட்டுக்கொண்டு, "நாளைக்கு என் கறியில் உன் தேங்காய் போடு" என்றார்.

நாளைக்கு என்றாரே! கிண்ணத்தில் இருந்த பசையை வழித்துத் தின்றுவிட்டேன்.