நிலூஷா ஊற்றிய உறை

என் மனைவி நிலூஷாவுக்கு இரண்டு குடும்பம். ஒன்று நானும் பிள்ளைகளும். மற்றது, அம்பிட்டியச் சரிவில் மாடி வீட்டுத் திட்டத்தின் கழிவுநீர் வந்து சேரும் தொட்டியில் வாழும் கோடானுகோடி கிருமிகள். அழுக்கைத் தின்று தண்ணீரைத் தெளிய வைப்பவை அவைதாம். "சின்னதுங்க" என்பாள். எங்களுக்குச் சோறு பிந்தினாலும் சின்னதுங்களுக்குக் காற்று பிந்தக் கூடாது. ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள், இன்று அந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையே ஓட்டுகிறாள். எனக்குப் பெருமைதான், ஏன் மறைக்க வேண்டும்?

தெளிந்த தண்ணீர் கீழே ஓடையில் விழும். ஓடைக்கரையில் சுந்தரலிங்கம் மாமா கோயிலுக்குப் பூ வளர்க்கிறார். நிலையம் தொடங்கிய அன்றே தன் வாய்க்காலை மண் சாக்கு வைத்து அடைத்துவிட்டார்.

"சாமிக்குப் போற பூவுக்குக் கக்கூஸ் தண்ணியா?"

அன்றிலிருந்து குழாய்த் தண்ணீரை வாளியில் சுமந்தார். அந்தச் சாக்கு நிலூஷாவின் கண்ணில் விழுந்த தூசு. "அவர் கையாலேயே எடுக்க வைக்கிறேன் பாருங்க" என்று தினமும் சொல்வாள்.

சில மாதங்களுக்கு முன், கொழும்பிலிருந்து பெரிய அதிகாரிகள் திட்டத்தைப் பார்க்க வருவதாகப் பேச்சு அடிபட்டது. விருந்தாளி வருகிறார் என்றால் நம் பெண்கள் சும்மா இருப்பார்களா? மாடி வீட்டுக்காரிகள் அத்தனை பேரும் ஒரே காலையில் டொய்லட்டில் குளோரினைக் கொட்டித் தேய்த்தார்கள். மேலே வீடுகள் பளபளத்தன. கீழே சின்னதுங்க பூண்டோடு செத்தன.

தொட்டி கலங்கியது. நிலூஷா ஓடைக்குப் போகும் மதகுக் கேட்டை மூடி, வரும் தண்ணீரைப் பக்கத்துத் தொட்டியில் தேக்கினாள். அது ஒரு கிழமை, ஏழே நாள்தான், தாங்கும். பிறகு அழுக்கு ஓடையில்தான் போகும். "மாமாகிட்ட மூச்சு விடாத" என்றேன். கேட்டாளா? நேரே அவரிடமே போனாள்.

"மாமா, எங்க தண்ணி கெட்டுப் போச்சு. கேட்டை மூடியிருக்கேன். ஒரு கெழமையில சரி பண்ணிருவேன்."

"பண்ணலன்னா?"

"ஆள் சேத்துட்டு வந்து நிலையத்த நீங்களே பூட்டுங்க."

தவளை தன் வாயால் கெடும் என்று அன்று முழுக்கத் திட்டினேன்.

செத்த தொட்டிக்கு உயிருள்ள தொட்டியின் சேறு வேண்டும், பாலுக்கு உறை ஊற்றுவது போல. ஹோட்டல் ஒன்றில் அப்படியொரு தொட்டியைப் பார்த்துக்கொள்பவர் அக்குறணை முஹ்ஸின் நானா; முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம். நாங்கள் போய்ச் சேரும்போது விளக்கு வைத்தாயிற்று. அந்த நேரத்தில் எங்கள் வீடுகளில் உறைமோர் கொடுக்க மாட்டார்கள் என்று நான் சொல்ல, நானா சிரித்தார்.

"இதக் கேட்டு வந்த மொத ஆள் நீங்கதான் தங்கச்சி. வேணுமென்ட மட்டும் அள்ளிக்கோங்க."

சேறு நிரப்பிய பெரல் பீப்பாய்களை என் த்ரீவீலரில் ஏற்றினாள். சாமிப் படத்துக்கு மாலை போட்டு நான் துடைத்துத் துடைத்து வைத்திருக்கும் த்ரீவீலர்! வளைவுக்கு வளைவு தளும்பியது.

"மெதுவா போங்க, உள்ள உசிரு இருக்கு."

"ஓட்டுறதும் ஒரு உசிருதான்டி."

தொட்டியில் காற்றை ஓட்டிக் குளோரின் வாடையை முதலில் போக்கியிருந்தாள். பிறகு சேற்றை ஊற்றி, தேக்கிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டினாள். கைக்குழந்தைக்குக் கூட அப்படிப் பார்த்துப் பார்த்து ஊட்டவில்லை. கிழமை முடியுமுன் போத்தலில் அள்ளிய தண்ணீர் வழியே அவளுக்கு என் முகம் தெரிந்தது. கேட்டைத் திறந்தாள்.

மாமா கரையில் நின்று வெகுநேரம் ஓடையையே பார்த்தார்.

"கெட்டுப் போச்சுன்னு நீயேதான வந்து சொன்ன. அப்ப நல்லாருக்குன்னு நீ சொன்னா நம்பலாம் புள்ள."

குனிந்து சாக்கை இழுத்தார். உக்கிப்போன சாக்கு கையோடு கிழிந்து வர, தண்ணீர் செவ்வந்திப் பாத்திக்குள் பாய்ந்தது. நிலூஷா இரண்டு விரலை வாயில் வைத்து மலையே கேட்க விசிலடித்தாள்.

கொழும்பிலிருந்து ஒருவரும் வரவில்லை. யாருக்கு வேண்டும்? போன வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். அம்மன் கழுத்தில் மாமாவின் செவ்வந்தி மாலை. நிலூஷா என் தோளை இடித்துச் சொன்னாள்:

"பாத்தீங்களா, நம்ம சின்னதுங்க வளத்த பூ."