அவர் என்னைத் தேடிப் போன அறை

ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கத்தில் ஒரு பட்டாசு ஆலையில் எனக்குத் திரி சொருகும் வேலை. அவருக்கு அங்கேயே வெடிமருந்து கலக்கும் வேலை. ஒரே வேனில் போய் வந்ததில் பழக்கமாகி, பிடித்துப்போனது. நாங்கள் வேதக்காரர்கள். அவர் வீட்டில் இருக்கன்குடி மாரியம்மன்தான் எல்லாம். அவர் ஞானஸ்நானம் எடுத்தால்தான் கல்யாணப் பேச்சே என்று அப்பா முடிவாகச் சொல்லிவிட்டார்.

அது தீபாவளி சீசன். அறை கொள்ளாத ஆட்கள். ஒரு நாள் முற்பகலில் தண்ணீர் குடிக்க வெளியே வந்தேன். செம்பைக் கீழே வைப்பதற்குள் எங்கள் வரிசையின் கடைசி அறை வெடித்தது. எல்லோரோடும் சேர்ந்து காட்டுப்பக்கம் ஓடினேன்.

அவருடைய அறை எதிர்ப்பக்கம். ஓடித் தப்பியிருக்கலாம். நான் உள்ளே இருப்பதாக நினைத்து எங்கள் அறைக்குள் நுழைந்திருக்கிறார். நான் இல்லை. மயங்கிக் கிடந்த வேறொரு பெண்ணை இழுத்துக்கொண்டு வரும்போது அடுத்த வெடி. அந்தப் பெண் பிழைத்துக்கொண்டாள். அவருக்கு முகத்தில் ஒரு பக்கமும் இரண்டு கைகளும் வெந்துபோயின.

மதுரையில் தீக்காய வார்டுக்கு வெளியே அவருடைய அம்மா உட்கார்ந்திருந்தார். மகன் இந்தக் கதிக்கு வந்தது என்னால்தான் என்று ஏசுவார், ஏசட்டும் என்று நினைத்துத்தான் போனேன். அந்த அம்மாவோ விரித்திருந்த சேலையில் நகர்ந்து இடம்விட்டார். நான் உட்கார்ந்ததும், "ஒங்க சாமிகிட்ட கேட்டியா தாயி?" என்றார்.

ஜெபமே வரவில்லை என்றேன்.

"வரலேன்னா விடு. ஒனக்கும் சேத்து நான் ஆத்தாகிட்ட கேக்கேன்."

முகத்துக் கட்டைப் பிரித்த அன்று அவர் என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நான் கல்யாணம் வேண்டாம் என்று சொன்னால் வருத்தப்பட மாட்டாராம். "நாளைக்கும் வருவேன், என்ன வேணும்னு மட்டும் சொல்லுங்க" என்றேன். இட்லி கேட்டார். அவர் சாப்பிட்ட தட்டைக் குழாயடியில் கழுவிக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ஜெபம் வந்தது. ஆண்டவரே, கூட இரும். அவ்வளவுதான். தட்டைப் பிடித்தபடியே அழுதேன்.

ஒரு நாள் அப்பா வந்தார். அதுவரை அப்பா அவரை நேரில் பார்த்ததில்லை. கட்டிலருகே நின்றவர் குரல் இறங்கி, தானே முன்னால் நின்று கல்யாணத்தை நடத்தி வைப்பதாகவும், ஞானஸ்நானம் மட்டும் எடுத்துக்கொள்ளும்படியும் கேட்டார். அவர் சரி என்று சொல்லிவிட மாட்டாரா என்றிருந்தது எனக்கு.

"பொண்ணு வேணும்ங்கிறதுக்காக ஒங்க சாமிகிட்ட பொய் சொல்ல மனசு வரல மாமா. நம்பிக்கை வந்தா நானே வந்து கேக்கேன்."

அப்பா கொண்டுவந்திருந்த சாத்துக்குடிகளை அவருடைய அம்மா கையில் கொடுத்துவிட்டுப் போனார். வேதக்கோவிலில் கல்யாணத்துக்கு வழியில்லாமல் சாத்தூரில் பதிவுத் திருமணம் செய்துகொண்டோம். சாட்சிக் கையெழுத்துப் போட அப்பா வந்தார். அவர் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரருக்கு விரல்கள் முழுதாக மடங்காது. இப்போது சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காவல் வேலை பார்க்கிறார். சில ஞாயிறுகளில் என்னோடு ஆராதனைக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவார். இன்னும் ஞானஸ்நானம் கேட்கவில்லை. நானும் கேட்கச் சொன்னதில்லை. ஆடி வெள்ளியில் இருக்கன்குடிக்குப் போகும் அத்தைக்கு நான்தான் துணை.