மல்லிகா அக்கா வரைந்த ஏழு வீடுகள்

மல்லிகா அக்கா இறந்த செய்தியை அவருடைய கணவர் சொன்னபோது நான் பள்ளிபாளையத்தில் ஒரு தோட்டத்தின் எல்லையை அளந்துகொண்டிருந்தேன். "அவ போயிட்டாளுங்க சார். ஆபீசுல எல்லாருக்கும் நீங்களே சொல்லிருங்க" என்றார். அலுவலக நண்பர்களான உங்களை ஒவ்வொருவராக அழைத்தேன். தங்கமான மனுஷி, அந்த ஒரு வேலையில்தான் கோட்டை விட்டுவிட்டார் என்று பலரும் சொன்னீர்கள். நானும் "ஆமாம்" என்றேன். அந்த ஆமாமுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

நாமக்கல்லில் நம்முடையது சிறிய வரைபட அலுவலகம். அதற்கு முன் அக்கா லாரி பாடி கட்டும் பட்டறையில் படம் போட்டவர். கணினி வரைபடத்தைத் தானாகவே கற்றவர். புவியியலில் பட்டம் வாங்கியிருந்த எனக்கு அதன் அரிச்சுவடியைச் சொல்லித் தந்ததும் அவர்தான். "கெணறு புள்ளிங்க, ஓடை கோடுங்க, கோழிப்பண்ணை பரப்புங்க. இந்த மூணுல ஊரையே அடக்கிரலாம்" என்றார் முதல் நாள். ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் அட்டவணை இருப்பதைக் காட்டி, "இதுல மட்டும் பொய் எழுதீராதீங்க" என்றார்.

எழுதினேன். ஒரு சிற்றூருக்குக் குடிநீர்க் குழாய் போட வரைபடம் கேட்டிருந்தார்கள். வீடு வீடாக நடந்து கைபேசிச் செயலியில் பதிய வேண்டும். சித்திரை வெயிலுக்குப் பயந்து, ஊர் முகப்பில் இருந்த டீக்கடையில் உட்கார்ந்து செயற்கைக்கோள் படத்தைப் பார்த்தே கூரைகளைக் குறித்தேன். கோழிப்பண்ணைகளின் நீளக் கூரைகள் பளிச்சென்று தெரிந்தன. புளியமரங்களுக்கு அடியில் இருந்த ஏழு ஓட்டு வீடுகள் தெரியவில்லை. 'நேரில் பார்த்தது' என்ற கட்டத்தில் எல்லாவற்றுக்கும் 'ஆம்' என்று போட்டேன்.

"நடந்து பாத்தீங்ளா?" என்று அக்கா கேட்டார்.

"பாத்துட்டேனுங்க்கா."

அவர் நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

குழாய் பதித்த பிறகு அந்த ஊர்ப் பெண் ஒருவர் அலுவலகத்துக்கு வந்தார். "எங்க ஏழு ஊடும் உங்க படத்துலயே இல்லீங்களாமா. அப்ப நாங்க எங்கீங்க இருக்கறோம்?" என்று கேட்டார். அக்கா அவரை உட்காரவைத்துவிட்டு என் கோப்பைத் திறந்தார். பதிகிறவர் எங்கே நின்று பதிந்தார் என்பதையும் செயலி குறித்துக்கொள்ளும். என் பதிவுகள் எல்லாம் டீக்கடை வாசலில் குவிந்து கிடந்தன. அக்கா என்னைப் பார்த்தார்.

மறுநாள் அதிகாரிகள் முன் விசாரணை. "யார் சரிபார்த்தது?" என்று கேட்டபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா எழுந்தார். "கையெழுத்து என்னுதுங்க. தப்பும் என்னுதுங்க." களப்பணித் தலைமையிலிருந்து அவரை எடுத்து, பழைய வரைபடங்களை ஸ்கேன் செய்யும் அறைக்கு அனுப்பினார்கள். அவருடைய நாற்காலியை எனக்குக் கொடுத்தார்கள். உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் தனியாகப் பஸ் ஏறிப்போய் அந்த ஏழு வீடுகளையும் பதிந்து வந்தார். சில மாதங்களில் அங்கும் குழாய் போனது. அதன் பிறகு ஒருநாள் ஸ்கேன் அறைக்குப் போய், "அக்கா, அன்னிக்கு நான்..." என்று ஆரம்பித்தேன். அவர் திரும்பவில்லை. "அங்க சொல்லியிருக்கோணுமுங்க. எங்கிட்டச் சொல்லி என்னாகறது? இப்பவும் அந்த அதிகாரிங்க அங்கயேதான உக்காந்திருக்கறாங்க."

நான்கு ஆண்டுகள் அவர் அந்த அறையில் இருந்தார். நான் போய்ச் சொல்லவில்லை. உடம்புக்கு முடியாமல் அவர் வேலையை விட்டபோதும் சொல்லவில்லை. அந்தப் பொய் என்னுடையது. நேற்று அதை அலுவலகத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். கேட்பதற்கு அவர் இல்லை.

அவர் பதிந்த ஏழு பதிவுகளை நான் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன். என் அட்டவணையில் 'வீடு' என்று மட்டும் இருக்கும் இடத்தில், அவர் குடும்பத்தலைவியின் பெயர், குழந்தைகள் எத்தனை பேர், மதியம் ஆட்கள் இருப்பார்களா என்றெல்லாம் எழுதியிருக்கிறார். கடைசி வீட்டுக்கு நேரே, 'மோர் கொடுத்தார்கள்' என்று இருக்கிறது.