தவக்காலத்தில் காமன் கூத்து

சாம்பல் புதனன்று நெற்றியில் சாம்பல் பூசியதிலிருந்து நான் இறைச்சி தொடவில்லை. அந்தக் காலத்தில்தான் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் காமன் கூத்தும் நடக்கும். காமனின் மனைவி ரதியாக வேஷம் கட்டுபவர் லயத்து வரிசை வீடுகளில் என் பக்கத்துக் காம்பராக்காரர். வெள்ளிக்கிழமைகளில் எங்கள் சிலுவைப்பாதை ஊர்வலம் லயத்தைத் தாண்டும்போது எல்லாருக்கும் பாலில்லாத தேநீர், சாயத்தண்ணி கொடுப்பவரும் அவர்தான்.

மாதா கோவில் வாசலில், கோவில் காரியங்களைப் பார்க்கும் உபதேசியார் என்னை நிறுத்தினார்.

"என்னங்க டீச்சர், தவக்காலத்துல கூத்துப் பார்க்கப் போறீங்களாம்?"

"அங்கயும் தவந்தாங்க. சிவன் தவத்தக் கலைச்ச காமனத்தானே எரிச்சுச் சாம்பலாக்குறாங்க."

"வெளக்கமெல்லாம் வேணாம். போனீங்கன்னா ஞாயித்துக்கிழமை வாசகத்துக்கு வேற ஆளப் போட்டுருவேன்."

என் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பூசையில் அந்த பைபிள் வாசகத்தை வாசிப்பது நான்தான்.

"போடுங்க" என்றேன்.

போனேன். காமன் எரிந்ததும் ரதி மாரில் அடித்துக்கொண்டு அழுதார். பெரிய வெள்ளியன்று அழுவதைப்போலவே நானும் அழுதேன்.

ஞாயிறன்று வேறொருவர் வாசித்தார். முன் பெஞ்சில் உட்கார்ந்து, தலை குனியாமல் கேட்டேன்.

அடுத்த வெள்ளி, சிலுவைப்பாதையில் உபதேசியாரும் பக்கத்துக் காம்பராக்காரரிடம் கோப்பையை நீட்டினார்.

"ரதி ஊத்துற சாயத்தண்ணிங்க, யோசிச்சுக் குடிங்க" என்றேன்.

குடித்தார். அடுத்த வருடமும் நான் கூத்துக்குப் போவேன்.