இருபத்தொன்பது சதவீதமும் என் நெய்த் தோசையும்

காக்ஸ் டவுனில் எங்கள் சர்ச் ஹாலில் இன்று காலை இலவசப் பரிசோதனை. வெறுங்காலோடு ஏறி நின்றால் உடம்பில் கொழுப்பு எத்தனை சதவீதம் என்று ஒரு மெஷின் சொல்லிவிடுகிறது.

கொழுப்பு அதிகமுள்ளவர் இனி தோசைக்கு நெய் கேட்கக் கூடாது என்று மனைவியிடம் நான்தான் பந்தயம் கட்டினேன். நான் ஒல்லி. அவள் பூசினாற்போல் இருப்பாள்.

எனக்கு இருபத்தொன்பது. அவளுக்கும் அதே இருபத்தொன்பது.

"டிரா!" என்றேன்.

மெஷினைப் பார்த்துக்கொண்ட நர்ஸ் பெண் விடவில்லை. "இல்ல அங்கிள். லேடீஸ் உடம்புக்கே கொழுப்பு கொஞ்சம் ஜாஸ்தி வேணும். ஆன்ட்டிக்கு இது கரெக்ட். உங்களுக்குத்தான் ஜாஸ்தி."

"கல்யாணத்துலேர்ந்து என் வெயிட் ஏறவே இல்லையேம்மா?"

"தசை குறைஞ்சு கொழுப்பு கூடியிருக்கு அங்கிள். வெயிட்ல அது தெரியாது. நடந்தா மட்டும் போதாது, கொஞ்சம் பளுவும் தூக்கணும்."

"முதல்ல மார்க்கெட் பையைத் தூக்குங்க," என்றாள் மனைவி.

வீட்டில் அவள் தோசை நெய்யில் மினுங்கியது. எனக்கு வெறும் சட்னி.

ஒரே எண்ணுக்கு இரண்டு தீர்ப்பா? நான் ஏற்கவில்லை. மத்தியானம் முழுக்க இணையத்தில் தேடினேன். எல்லாப் பக்கங்களிலும் அந்தப் பெண் சொன்னதையே எழுதி வைத்திருக்கிறார்கள்.

வேறு மாதிரி எழுதியிருக்கும் பக்கம் யாருக்காவது தெரிந்தால், நாளைக் காலை டிபனுக்கு முன்னால் அனுப்பவும்.