முப்பத்தொன்றாம் இடம்

திருச்சி புத்தூரில் ஒரு ஸ்கேன் சென்டருக்கு மேல் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. கீழே வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்துப் படம் எடுத்துக் கொடுப்பார்கள், டாக்டர் முடிவு சொல்வார். மேலே நாங்கள் மரபணுக்களைப் பார்த்துப் பட்டியல் எடுத்துக் கொடுப்போம், முடிவு சொல்பவர் கடல் தாண்டி இருந்தார். கீழே இருப்பவர்களுக்கு நோயாளிக்கு எங்கே வலிக்கிறது என்றாவது சொல்லி அனுப்புவார்கள். எங்களுக்கு அதுவும் கிடையாது.

வெளிநாட்டுக் காப்புரிமை அலுவலகம் ஒன்று தன் வேலையில் ஒரு துண்டை எங்களிடம் விட்டிருந்தது. ஏதாவது ஒரு கம்பெனி, இந்த மரபணு எங்கள் கண்டுபிடிப்பு, இனி எங்களுக்கே சொந்தம் என்று விண்ணப்பம் போடும். அது உண்மையிலேயே புதிதா, முன்பே யாராவது வெளியிட்டதா என்று பார்ப்பது அங்குள்ள பரிசோதகரின் கடமை. அவர் மரபணுவின் எழுத்துகளை மட்டும் எங்களுக்கு அனுப்புவார். ஏ, சி, ஜி, டி என்ற நான்கே எழுத்துகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் வரும். அதை உலகப் பொதுப் பதிவேட்டில் தேட வேண்டும். எது எதோடு ஒத்துப்போகிறது என்று மதிப்பெண் வரிசையில் பட்டியல் வரும். முதல் பதினைந்து இடங்களை வெட்டிப் படிவத்தில் ஒட்டி அனுப்ப வேண்டும். பதினாறாவது இடத்தில் சாமியே வந்து நின்றாலும் அனுப்பக் கூடாது.

கம்பெனி எதற்கு உரிமை கேட்கிறது என்பதை எங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். நாங்கள் கேட்கவும் கூடாது. என்ன தேடுகிறோம் என்று தெரியாமல் தேடுவதற்குப் பெயர் அங்கே நடுநிலைமை. எட்டு வருடம் அந்த நடுநிலைமையோடு குப்பை கொட்டினேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை ஒரு கோப்பு வந்தது. பாக்டீரியா ஒன்றின் மரபணு, ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. வழக்கம்போல் ஓட்டினேன். முதல் முப்பது இடங்களில் எங்கெங்கோ உள்ள பாக்டீரியாக்கள் அரைகுறையாக ஒத்துப்போயின. நீளமாக ஒத்துப்போனால் இந்தப் பட்டியலில் மதிப்பெண் அதிகம், அதனால் அவையெல்லாம் மேலே நின்றன. முப்பத்தொன்றாம் இடத்தில் சின்னதாக ஒன்று. முந்நூறு எழுத்துதான் நீளம். ஆனால் முந்நூறும் ஒன்று விடாமல் ஒத்துப்போயிற்று. பதிவு செய்தவர் பெயரைப் பார்த்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. அது நான்.

எம்.எஸ்ஸி. கடைசி வருடத்தில் ப்ராஜெக்டுக்காக, பாலக்கரையில் ஒரு எண்ணெய் மில்லுக்குப் பின்னால் ஓடும் சாக்கடையிலிருந்து மண் எடுத்தேன். எண்ணெயைத் தின்னும் கிருமி எண்ணெய் ஊறிய மண்ணில்தான் கிடைக்கும். திருச்சியில் அந்தப் படிப்புப் படித்தவர்களில் பாதிப் பேர் ஏதாவது ஒரு மில் வாசலில் ஸ்பூனும் பாலிதீன் பையுமாக நின்றவர்கள்தான். மில்லில் வேலை செய்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி, "வீட்ல சாக்கடை இல்லையா பாப்பா?" என்று கேட்டாள். ஆறு மாதம் அந்த நாற்றத்தோடு பழகி, ஒரு கிருமியைப் பிரித்து, அதன் மரபணுவில் முந்நூறு எழுத்தைப் படித்துப் பொதுப் பதிவேட்டில் போட்டேன். வாழ்க்கையில் நான் உலகத்துக்குக் கொடுத்தது என்று ஏதாவது உண்டென்றால் அந்த முந்நூறு எழுத்துதான்.

அந்த விண்ணப்பம் ஏற்கெனவே ஊரறிய வெளியிடப்பட்டிருந்தது. யார் வேண்டுமானாலும் படிக்கலாம், எங்களைத் தவிர. அந்த எழுத்துகளை வைத்தே அதைத் தேடிப் பிடித்துப் படித்தேன். குளிர்ந்த தண்ணீரிலேயே எண்ணெய்க் கறையை எடுக்கும் சலவைத் தூளுக்காக, அந்த மரபணுவை வைத்துத் தயாரிக்கும் சரக்கு. கம்பெனி அந்த முழு மரபணுவுக்கு மட்டும் உரிமை கேட்கவில்லை. அதில் தொடர்ந்து ஐம்பது எழுத்து வரும் எந்தத் துண்டும் தனக்கே என்று கேட்டிருந்தது. என் முந்நூறுக்குள் அப்படி எத்தனை ஐம்பது! அவர்கள் திருடினார்கள் என்று நான் சொல்ல மாட்டேன், அதே கிருமி வேறு ஊர்ச் சாக்கடையிலும் இருக்கலாம். ஆனால் நான் முன்பே எல்லாருக்கும் பொதுவாக வைத்ததை, இனி எல்லாரும் அவர்களிடம் அனுமதி கேட்டுத்தான் தொட வேண்டும் என்றால் அது அநியாயம். முப்பத்தொன்றாம் இடம் பரிசோதகர் கண்ணில் பட்டால் அந்தக் கோரிக்கை அப்போதே விழுந்துவிடும். படாவிட்டால் அவர்கள் பாடு கொண்டாட்டம்.

படிவத்தின் அடியில் குறிப்பு என்று ஒரு கட்டம் உண்டு. யாரும் அதில் எழுதியதில்லை. 'முப்பத்தொன்றாம் இடத்தையும் பார்க்கவும், சிறிய துண்டு, முழுதும் ஒத்துப்போகிறது' என்று எழுதினேன். அது என்னுடையது என்று எழுதவில்லை. தொடர்பு உண்டு என்று சொன்னால் கோப்பை வேறு ஊர்க் கிளைக்கு மாற்றிவிடுவார்கள், அங்கே அதே பதினைந்தை ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போவார்கள்.

எங்கள் டீம் லீடர் என்னைவிடப் பத்து வயது சின்னவர், கே.கே. நகரிலிருந்து வருவார், மரியாதை தெரிந்தவர். அதனால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"மேடம், குறிப்பு கட்டத்துல என்னமோ எழுதியிருக்கீங்களே."

"ஐம்பது எழுத்துத் துண்டுக்கெல்லாம் உரிமை கேக்கறாங்க சார். அந்த இடம் போகலைன்னா தேடினதுக்கே அர்த்தமில்ல."

"அவங்க என்ன கேக்கறாங்கன்னு உங்களை யாரு மேடம் படிக்கச் சொன்னா?"

"படிக்காம எப்படி சார் தேடறது?"

"இத்தனை நாள் அப்படித்தானே தேடினீங்க," என்றார். அவர் என் வரியை அழித்தார். "நம்ம வேலை பட்டியல் குடுக்கறது மட்டும்தாங்க மேடம். முடிவு அவங்க எடுப்பாங்க."

எதை வைத்து எடுப்பார்கள்? நாங்கள் கொடுத்த பதினைந்தை வைத்து. அவர்கள் எங்களை நம்பித் தேடவில்லை, நாங்கள் அவர்களை நம்பிச் சொல்லவில்லை, நடுவில் ஒரு கம்பெனி சாக்கடையைப் பட்டா போட்டுக்கொண்டு போகிறது. அன்று பஸ்ஸில் ஸ்ரீரங்கம் வரும் வரை என் முந்நூறுக்குள் எத்தனை ஐம்பது என்று எண்ணிக்கொண்டே வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். "வேலைய விட்டுறாதே," என்றார். நான் கேட்டது அது இல்லை.

சில மாதம் கழித்துப் பரிசோதகரின் அறிக்கை வெளியானது. 'இதற்கு எதிரான முந்தைய வெளியீடு எதுவும் கிடைக்கவில்லை.' கீழே அவர் கையெழுத்து. கிடைக்கவில்லையாம். தேடியது நான், கிடைத்தது எனக்கு, கிடைக்கவில்லை என்று சொல்வது அவர்.

அப்போதுதான் ஒரு வழி இருப்பதைக் கவனித்தேன். விண்ணப்பத்துக்கு எதிராகத் தெரிந்ததை யார் வேண்டுமானாலும் அந்தக் காப்புரிமை அலுவலகத்துக்கு எழுதலாம், பெயர் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் அலுவலகத்துக் காகிதம் எதையும் நான் தொடவில்லை. வெளியான விண்ணப்பம், பொதுப் பதிவேட்டில் என் பதிவு, இரண்டும் போதும். ஸ்ரீரங்கத்தில் எல்லாரும் தெரிந்தவர்கள் என்பதால் பாலக்கரையில் ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரப் பெண் கம்ப்யூட்டரை என் பக்கம் திருப்பிவிட்டு, "எந்த எக்ஸாமுக்குக்கா அப்ளிகேஷன்?" என்றாள். "எக்ஸாம் இல்லம்மா, புகார்," என்றேன். "ஈபிக்கா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லி வைத்தேன். அந்த எண்ணெய் மில் அங்கிருந்து இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது.

பரிசோதகர் அந்தக் கடிதத்தைத் திறந்து இரண்டு வரிசையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் அப்படிச் செய்யவில்லை. மறுதேடலுக்கு உத்தரவு போட்டார். உத்தரவு எங்களுக்கு வந்தது. எட்டு வருட அனுபவம் என்பதால் டீம் லீடர் அதைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே அதே எழுத்துகள், 'வெளியார் தகவல் வந்துள்ளதால் மீண்டும் தேடவும்' என்று ஒரு வரி. என் கடிதம் உள்ளே இல்லை. எங்களுக்கு எழுத்துகளை மட்டும்தானே அனுப்புவார்கள்.

சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. ஆனால் மறுதேடலில் ஒரு சலுகை உண்டு. தேடும் முறையை நாமே தீர்மானிக்கலாம். மரபணுவை ஐம்பது ஐம்பது எழுத்தாக நறுக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் தேடினேன். சின்னத் துண்டு என்பதால் கீழே கிடந்த என் பதிவு, இப்போது முழுதாக ஒத்துப்போவது என்பதால் முதல் இடத்துக்கு வந்தது. யாரும் அழிக்க முடியாத இடம்.

மறுதேடலுக்கு இன்னொன்றும் உண்டு, ஓர் உறுதிமொழித் தாள். பட்டியலில் உள்ள எந்தப் பதிவோடும் எனக்கு எந்தத் தொடர்பும் இல்லை என்று கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் கோப்பு வேறு கிளைக்குப் போகும். அங்கே யார் நறுக்கித் தேடப் போகிறார்கள்?

டீம் லீடர் பட்டியலை மேலிருந்து படித்தார். முதல் வரியில் நின்றார்.

"மேடம், உங்க பேரேதான். இனிஷியல்தான் வேற."

பதிவில் இருந்தது என் அப்பாவின் எழுத்து. கல்யாணத்துக்குப் பிறகு எல்லாக் காகிதத்திலும் அதை எடுத்துவிட்டுக் கணவரின் எழுத்தைப் போட்டுவிட்டார்கள். அன்று அதற்காக நான் சண்டை போட்டிருந்தேன்.

"திருச்சியில இந்தப் பேர்ல தெருவுக்கு நாலு பேர் இருப்பாங்க சார்," என்றேன்.

"அதானே," என்று பேனாவை நீட்டினார். "சைன் பண்ணிடுங்க, ஃபார்மாலிட்டிதான்."

எட்டு வருடத்தில் அந்த அலுவலகத்தில் நான் எழுதிய ஒரே பொய் அது. உண்மையை எழுதியபோது அழித்தார்கள். அந்தப் பெண் நான் இல்லை என்று கணவரின் எழுத்தோடு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன், அதன் பிறகுதான் அவள் பெயரைப் பரிசோதகருக்கு அனுப்பினார்கள்.