பொம்மைக் கம்மாயும் ஒரு தேங்காயும்

ஈரக் களிமண்ணும் நறுக்கிய வைக்கோலும் கலந்த ஒரு வாசனை, டெல்லி அப்பளம் பொரிக்கும் எண்ணெய்ப் புகைக்கு நடுவிலும் தனியாக வந்து மூக்கில் ஏறும். புதுக்கோட்டைப் பொருட்காட்சியில் பாசன ஸ்டாலை நெருங்கிவிட்டோம் என்று அதை வைத்தே கண்டுகொள்வேன். கந்தர்வக்கோட்டைப் பக்கமிருந்து பஸ்ஸில் வந்து இறங்கியதுமே என் அப்பா, "மொதல்ல ஸ்டாலு, அப்புறந்தான் ராட்டினம்" என்று கறாராகச் சொல்லிவிடுவார். எனக்கு அதில் வருத்தமே இல்லை. மற்ற ஸ்டால்களிலும் பாம்பு அடைத்த கண்ணாடி ஜாடிகள் பதினொன்று, பொய்க்கால் குதிரைப் பொம்மைகள் ஆறு, கரகம் வைத்த பெண் பொம்மைகள் நான்கு, அதில் ஒருத்திக்கு மட்டும் மூக்குத்தி இல்லை என்பது வரை எனக்கு மனப்பாடம்.

என் சித்தப்பா மகன் துரை, என்னைவிட ஒரு வயது இளையவன், இவற்றில் ஒன்றையும் ஏறெடுத்துப் பார்க்கமாட்டான். ராட்டினத்தடியிலேயே கிடப்பான். அதனால் ஸ்டால்களெல்லாம் எனக்கே உரியவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷம், பாசன ஸ்டாலில் ஒரு முழுக் கிராமத்தையே களிமண்ணில் செய்து, சுற்றிலும் கயிறு கட்டியிருந்தார்கள். கட்டில் அகலத்துக்கு ஏரி மாதிரி ஒரு கம்மாய், அதில் நிஜத் தண்ணீர், அதைத் திறந்துவிட விரல் நீளத்தில் ஒரு மடை, அதன் கீழே வயல்கள், முந்திரித் தோப்பு, அய்யனார் குதிரைகள். ஸ்டால்காரர் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். "இதுல எத்தனை வீடு இருக்கு, யாராச்சும் சொல்லுங்க பாப்போம்" என்றார். மற்றவர்கள் விரல் நீட்டி எண்ணத் தொடங்குவதற்குள் "முப்பத்திரண்டு" என்றேன். "அட, கெட்டிக்காரத் தம்பி! உள்ள வாங்க, மடைய நீங்கதான் தெறக்கணும்" என்று கயிற்றைத் தூக்கிப் பிடித்தார்.

நான் குனிந்து நுழையப் போகிறேன். அதற்குள் எங்கிருந்தோ துரை ஓடி வந்தான். "இருங்க சார், இருங்க! தேங்கா ஒடைக்காம மடையத் தெறக்கக் கூடாது!"

எங்கள் ஊரில் கம்மாய் பெருகி முதல் தண்ணீர் விடும்போது, மடைக்குப் பூசை போட்டுத் தேங்காய் உடைத்த பிறகுதான் பலகையைத் தூக்குவார்கள். இந்தப் பொம்மை மடையும் அவனுக்கு விளையாட்டாகத் தோன்றவில்லை. திருக்கோகர்ணம் கோயிலுக்கென்று என் அம்மா பையில் வைத்திருந்த தேங்காயை உருவிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, கயிற்றைத் தாண்டிக் குதித்துக் கம்மாய்க் கரையில் ஓங்கி அடித்தான்.

தேங்காய் உடையவில்லை. கரை உடைந்தது.

தண்ணீர் வயலுக்குள் புகுந்து, தோப்பைச் சாய்த்து, அய்யனார் குதிரைகளைக் கரைத்துக்கொண்டு ஓடியது. "வெள்ளம் வந்திருச்சுடோய்!" என்று கூட்டம் கைகொட்டிச் சிரித்தது. "சாமிக்கு வாங்குனதுடா பாவி! பொம்மைக் கம்மாய்க்கா ஒடைப்பாக?" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி. அவன் காது திருகப்படும், பிறகு என் முறை வரும்.

ஸ்டால்காரரோ சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஒடைச்ச ஆளே கட்டணும். உக்காருடா" என்றார். நாங்கள் கிளம்பும்வரை துரை கயிற்றுக்கு உள்ளே, முழங்கை வரை களிமண்ணோடு, கரை கட்டினான், வரப்பு போட்டான், குதிரைக்கு வால் வைத்தான். அவனைப் பார்க்கவே தனிக் கூட்டம் சேர்ந்தது. நான் மெல்ல, "சார், என்னையத் தெறக்கச் சொன்னீங்களே" என்றேன். "கம்மாயே இல்லையேப்பா, எதத் தெறக்குறது? அங்கிட்டுத் தள்ளி நில்லு, மிதிச்சிராத" என்றார். சற்று முன்னால் என்னை "வாங்க" என்று கூப்பிட்ட அதே வாய்.

ஊர் திரும்பிய பிறகும் அவன் கதைதான் ஊரெல்லாம். முப்பத்திரண்டு வீடு என்று சொன்னவனை யார் கேட்டார்கள்?

போன மாதம் என் மகன் எங்களை ஒரு பெரிய தீம் பார்க்குக்குக் கூட்டிப்போனான். மற்றவர்கள் தண்ணீர்ச் சறுக்குகளுக்கு ஓடிவிட, நான் அறிவியல் கூடத்திலும் 'கிராமத்து வீதி' என்று பெயர் வைத்திருந்த பகுதியிலும் ஆசை தீரச் சுற்றினேன். குறை சொல்லமாட்டேன், கோளரங்கத்தில் சனியின் வளையம் தலைக்கு மேல் சுழன்றது, தோல்பாவைக் கூத்தை முழுவதும் உட்கார்ந்து பார்த்தேன். அழுத்திப் பார்க்க இருபத்தேழு பொத்தான்கள் இருந்தன. யார் வேண்டுமானாலும் அழுத்தலாம். விளக்கத்தை ஒலிபெருக்கியே சொல்லிவிடுகிறது. பார்க்க வந்தவனிடம் ஒரு கேள்வி கேட்டு, பதில் சொன்னால் உள்ளே அழைக்கிற மனிதர்தான் அங்கே எங்குமே இல்லை. புதுக்கோட்டையிலும் அந்தக் களிமண் கிராமத்தைப் பிறகு நான் கண்டதில்லை.

அங்கிருந்தே துரைக்குப் போன் போட்டேன். அவன் ஊரிலேயே விவசாயம் பார்க்கிறான். இப்படி ஓர் இடத்தைப் பார்த்திருக்கமாட்டான். ஒரு நாளாவது என்னை நினைத்து அவன் வயிறு எரியட்டும் என்றுதான் கூப்பிட்டேன். கோளரங்கம், பாவைக்கூத்து, பொத்தான்கள் என்று ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"அப்படியாண்ணே! அவசரப்படாம நல்லாப் பாத்துட்டு வாங்க. வந்து எனக்கு ஒண்ணொண்ணாச் சொல்லணும், ஆமா" என்றான்.

குரலில் எரிச்சல் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். துளிகூட இல்லை, சந்தோஷம்தான் இருந்தது. போனை வைத்தேன். இந்த வயதில் ஒருவனுக்கு இப்படி ஒரு மனசு! அன்றைக்கு மடையைப் போல, இன்றைக்கு அதையும் அவனே தட்டிக்கொண்டு போய்விட்டான்.